மூன்று பேர்... ஒரே டிக்கெட்!

கல்யாணமான புதிதில் ஊர் முழுக்க நம்மைக் கேட்பது ஒரே கேள்விதான். "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" காய்கறி வண்டிக்காரரிலிருந்து சிலிண்டர் தூக்கி வருகிறவர் வரை கேட்பார்கள். 'உண்டு' என்று நாம் தலையாட்டிய நிமிஷமே கேள்வி நின்று, கட்டளைகள் ஆரம்பமாகிவிடும். பப்பாளியைத் தொடாதே. குனியாதே. கையைத் தூக்கித் துணி உலர்த்தாதே. ராத்திரி 12 மணிக்கு மாவடு கேட்காதே (இது வீட்டுக்காரர் தன் பங்குக்குச் சேர்த்தது!). எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற கட்டளை ஒன்று உண்டு. "இனிமே எங்கேயும் போகாதே!"

எங்கள் வீட்டில் பிரச்னை வெடித்தது அங்கேதான். நானும் என்னவரும் வாரக் கடைசியில் வீட்டில் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. குரோம்பேட்டையில், லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட்டில், மூன்றாவது மாடியில் வாடகை வீடு. அவருக்குக் கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் இன்ஜினீயர் உத்தியோகம். எனக்குப் பத்திரிகைகளுக்கு எழுதுகிற உத்தியோகம். (பி.காம். படித்த பெண் எழுதப் போனதை என் அப்பா இன்றுவரை 'வாராக் கடன்' தலைப்பில்தான் வைத்திருக்கிறார்!) திங்கள் முதல் வெள்ளி வரை அவர் லேப்டாப்போடும் நான் ஆசிரியர் கொடுத்த கெடுவோடும் குடித்தனம் நடத்துவோம். சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினால்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

முதல் மூன்று மாதம் ஊர் சுற்றும் பேச்சே எழவில்லை. படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடந்ததே பாத யாத்திரை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் இங்கே என் குடல் வெடித்தது. அடுப்படிப் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். முதல் நாள் அவர் வைத்ததைப் பார்த்து, "இது ரசமா, சாம்பாரா?" என்று கேட்டேன். "நீ எதை நினைச்சுச் சாப்பிடறியோ, அதுதான்" என்றார். சமையலில்கூட பக்தி மார்க்கம்!

நான்காவது மாதம் வாந்தி நின்றது. ஒரு நாள் காலையில் எழுந்து, "பசிக்குது" என்றேன். அவர் முகத்தில் சம்பள நாள் களை வந்துவிட்டது. அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தோம். "மேடம்... சனி, ஞாயிறு பக்கத்துல எங்கேயாவது போயிட்டு வரலாமா?"

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். ஸ்கேனைப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். "தாராளமா போங்க. நடுவில் இருக்கற மூணு மாசம்தான் பிரயாணத்துக்கு வசதியான காலம். ஆனா ஸ்கூட்டர் வேண்டாம். ஒரு மணி, ஒன்றரை மணிக்கொரு தடவை இறங்கி நடக்கணும். தண்ணி குடிக்கணும். கார்ல போனா சீட் பெல்ட் வயித்துக்கு மேல வரக் கூடாது. கீழ்ப் பட்டை வயித்துக்கு அடியில, இடுப்பு எலும்பு மேல இருக்கணும். இந்த ஃபைல் இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது" என்றார். (இது என் உடம்பைப் பார்த்து எனக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் வேதம். இதழைக் காட்டி வாதாடாதீர்கள்!)

அனுமதி கிடைத்ததும் அவர் லேப்டாப்பில் எக்ஸெல்லைத் திறந்து ஊர், தூரம், செலவு என்று கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. பி.காம். ஆயிற்றே! ஒரு சின்ன நோட்டு வாங்கிப் 'பற்று', 'வரவு' என்று நடுவில் கோடு போட்டேன்.

செய்தி உறவினர் மத்தியில் பரவியது. கும்பகோணத்திலிருந்து அத்தை (என் மாமியார்), திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் வாங்கிய விளக்கெண்ணெய்ப் பிரசாதத்தைக் கூரியரில் அனுப்பினார். சுகப்பிரசவத்துக்கு வயிற்றில் தடவிக்கொள்ள. "எண்ணெய் அங்க வந்துடுச்சு, நீ இங்க வர வேண்டாம்" என்று ஒரு போனும் வந்தது. பிரசவம் பார்க்கத் தாயாக வந்த திருச்சி தாயுமானவரைப் பார்க்கலாமே என்றார் என்னவர். "அந்தச் சாமி இருக்கறது மலைக்கோட்டையில. பாதி மலை படியேறணும். தாயா வந்தவர் தரையில இருந்திருக்கலாம்" என்றேன். எக்ஸெல்லில் திருச்சி அடிபட்டது.

போளூரிலிருந்து என் அம்மா மட்டும் எதையும் அனுப்பவில்லை. போனில் ஒரே வார்த்தைதான். "வேண்டாம்டி." ஏன் என்று கேட்டால், "வேண்டாம்னா வேண்டாம்." என் அம்மா சாமியாடி இல்லை, சகுனம் பார்க்கிறவளும் இல்லை. பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை.

* * *

முதல் பயணம் மாமல்லபுரம். மார்கழி மாதம், இதமான குளிர். தாம்பரத்தில் டவுன் பஸ் ஏறினோம். அவர் நோட்டை நீட்டி, "ரெண்டு மாமல்லபுரம்" என்றார்.

"அம்மாவுக்குக் காசு வேணாம் சார்" என்று கண்டக்டர் எனக்குக் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு வந்த சலுகை. உள்ளே இருக்கிறவருக்கோ 5 வயது வரை டிக்கெட் கிடையாது. மூன்று பேர் போகிறோம், காசு கொடுத்தது ஒரே டிக்கெட்டுக்கு! நோட்டில் முதல் வரவு எழுதினேன்.

ஆனால், உட்கார இடமில்லை. நாலு மாத வயிறு வெளியே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ நன்றாகச் சாப்பிடுகிற பெண். என்னவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பட்ஜெட் வாசிக்கிற குரலில், "பார்த்து நில்லும்மா, நாலு மாசம்!" என்றார். பஸ் முழுக்கத் திரும்பியது. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது. கண்டக்டர் விடவில்லை. "யாருப்பா அது, புள்ளத்தாச்சிக்கு எடம் குடுங்க!" காதில் ஒயரோடு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காலேஜ் பையன் ஒருவன் சட்டென்று எழுந்தான். "ஒக்காருங்க அக்கா." நோட்டில் இரண்டாவது வரவு.

மாமல்லபுரத்தில் எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு ஓடினார்கள். நான் கிருஷ்ண மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பு காலேஜ் டூரில் ஐந்து நிமிஷத்தில் தாண்டிப் போன இடம். உள்ளே, பாறையில் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான் கண்ணன். அவனைச் சுற்றி ஊர் ஜனம். ஒருவர் உட்கார்ந்து பால் கறக்கிறார். கறக்க விட்டுக்கொண்டே பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மலையே பெயர்ந்து தலைக்கு மேல் நிற்கிறது. பசுவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. 1300 வருஷமாக நக்கிக்கொண்டே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அந்த நாக்கைச் செதுக்குவதற்கு முன் எத்தனை நாள் ஒரு மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்திருப்பான்!

அவ்வளவு நேரம் உட்கார்ந்ததன் பலன், அடுத்த அரை மணியில் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்குத் தெரியும்... அவசரம்! மாமல்லபுரம் 1984-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வழி கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு சின்ன ஓட்டலில் சாப்பிடாமலேயே இரண்டு தோசைக்குப் பணம் கட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால், என்னவர் இரண்டு தோசையையும் முடித்திருந்தார்!

அன்று ராத்திரிதான் நோட்டுக்கு ஒரு வடிவம் கிடைத்தது. ஒரு ஊரில் உட்கார இடம், நிழல், தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருந்தால் வரவு. இல்லாவிட்டால் பற்று. சாதாரணமாக ஊர் சுற்றும்போது கண்ணில் படாத சங்கதிகள் இவை. வயிற்றில் ஒரு பிள்ளையோடு நடந்து பாருங்கள், ஊர் தன் நிஜமான முகத்தைக் காட்டும்!

* * *

பயணம் இல்லாத நாட்களிலும் சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். ஃபில்டர் காபியில் முகம் கழுவுகிற பரம்பரை நான்! மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி. அந்த இரண்டு மணி நேரத்தில் இந்த வீட்டில் நடந்த சண்டைகளை வைத்து ஒரு தொடர்கதை எழுதலாம். சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140-க்குக் கீழே இருக்க வேண்டும். ரிசல்ட் வருவதற்குள் அவர் மூன்று தடவை லேப் வாசலுக்குப் போய்வந்தார். 118. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அவர் அப்படி நின்றதில்லை என்று அத்தை சொன்னார்.

லீவு விஷயத்திலும் ஒரு கணக்குப் போட்டோம். வேலைக்குப் போகும் பெண்களின் மகப்பேறு விடுப்பு 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 26 வாரமானது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். என்னைப் போல் வீட்டிலிருந்து எழுதுகிறவளுக்கு? எழுதினால் காசு, எழுதாவிட்டால் ஓய்வு! அவர் கம்பெனியில் அப்பாக்களுக்கு 5 நாள் லீவு. "அஞ்சு நாள்ல என்ன பண்ண முடியும்?" என்றார் வருத்தமாக. "ஏழாம் நாள் தொட்டில் போடறதுக்குள்ள நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க" என்றேன்.

* * *

இரண்டாவது பயணம் வேடந்தாங்கல். தை மாதக் கடைசி, எனக்கு ஆறாவது மாதம். குரோம்பேட்டையில் செங்கல்பட்டு மின்சார ரயில். நான் மகளிர் பெட்டி, அவர் பக்கத்துப் பெட்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் இறங்கி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதில் பெட்டிக்கே அவர் பழக்கமாகிவிட்டார். ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆனால், மகளிர் பெட்டியில் அந்தச் சட்டம் செல்லாது போலிருக்கிறது! வண்டலூர் வருவதற்குள் மூன்று பேர் என் வயிற்றைப் பார்த்து 'பையன்' என்றார்கள். சிங்கப்பெருமாள் கோயில் வந்தபோது ஐந்து பேர் 'பொண்ணு' என்று கட்சி மாறியிருந்தார்கள். கொய்யா விற்ற அம்மா மட்டும், "எதுவா இருந்தா இன்னா, நல்லபடியா வரட்டும்" என்று ஒரு காயைக் கையில் திணித்துவிட்டுக் காசு வாங்காமல் போனார். செங்கல்பட்டு வருமுன் ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி தளும்பிக்கொண்டு கூடவே வந்தது.

செங்கல்பட்டில் கார் பேசிக்கொண்டு கிளம்பினோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க். பங்க்குகளில் கழிப்பறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. இங்கே விதி இருந்தது, சாவி இல்லை. சாவி மேனேஜரிடம். மேனேஜர் சாப்பாட்டுக்கு. ஒருவழியாகச் சாவி வந்தபோது தாழ்ப்பாள் இல்லை. என்னவர் கதவை வெளியே இருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டீசல் போட வந்த லாரி டிரைவர், "எவ்ளோ சார் சார்ஜு, ரெண்டு ரூபாயா?" என்று அவரிடம் சில்லறை நீட்டியது உள்ளே எனக்குக் கேட்டது!

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கால் வைத்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கியது. தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் இலை தெரியாமல் பறவைகள். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா, கூழைக்கடா, நீர்க்காகம்... கிளைக்குக் கிளை கூடு. ஊரே ஒரு பிரசவ வார்டு! நான் கரையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நத்தைக்குத்தி நாரையில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கின்றன. குஞ்சுகளுக்கு வெயில் படாமல் தாயோ தகப்பனோ இறக்கையை விரித்து நிழல் கொடுக்கின்றன. "பாத்தீங்களா? அதுக்கு அஞ்சு நாள் லீவுன்னு யாரும் சொல்லலை" என்றேன்.

இந்தப் பறவைகளுக்குக் காவல் அந்த ஊர் ஜனங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் சுடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் ஒரு காரணம்தான். என்றாலும், தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே! கூட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு பறவைக்காக ஒரு ஊரே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. நோட்டில் வரவுப் பக்கம் நிரம்பி வழிந்தது.

திரும்பும்போது ஒரு கிளைச் சாலையில் டீக்கடை. கட்டை பெஞ்சில் உட்காரப் போன என்னைக் கடைக்காரம்மா தடுத்தார். "இரு இரு... முதுகுக்கு ஒண்ணும் இல்லாம எப்புடிக் குந்துவே?" உள்ளே போய், தான் உட்கார்ந்திருந்த நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். "எத்தினி மாசம்?"

"ஆறு."

"மகராசியா இரு." பால் அதிகமாக ஊற்றி ஒரு டீ வந்தது.

டீயைக் குடித்துக்கொண்டே எதிர்ப்புறம் பார்த்தேன். புளியமரத்தடியில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் பலகையைப் படுக்க வைத்திருந்தது. "அது என்ன, பஸ் ஸ்டாப்பா?" என்றேன்.

"சுமதாங்கி கல்லும்மா..." என்று ஆரம்பித்தவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல தலச்சுமக்காரங்க எறக்கி வெக்கிறதுக்கு" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னவர் அவசரமாகக் காசு கொடுத்து, "கிளம்பலாமா?" என்றார்.

யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். பிள்ளையைச் சுமந்தபடி, பெறாமலே செத்துப்போன பெண்ணின் நினைவாக வைக்கிற கல் அது. இறக்கி வைக்காமலே போய்விட்டாளே, வழிப்போக்கர்களாவது அவள் பெயரில் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று பெற்றவர்கள் சாலையோரம் நடுவார்கள். வரும் வழியெல்லாம் காரில் யாரும் பேசவில்லை.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். "அம்மா, நம்ம ஊர்ல சுமைதாங்கிக் கல் இருக்கா?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"இருக்கு. ஏரிக்கரை திரும்பற எடத்துல. எங்க பெரியம்மாவுக்கு வெச்சது. உங்க பாட்டிக்கு நேர் மூத்தவங்க. ஒன்பதாம் மாசம்... வலி எடுத்து, போளூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி கட்டினாங்க. வழியிலயே போயிட்டாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. சின்ன வயசுல புல்லு அறுத்துட்டு வருவோமில்ல, கட்டை அதும்மேலதான் எறக்கி வெப்பேன். வெச்சுட்டு, 'பெரியம்மா, வெச்சுக்கோ'ன்னு சொல்லுவேன்."

'வேண்டாம்டி'க்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் அம்மா பயந்தது ஊரைப் பார்த்து அல்ல. வழியைப் பார்த்து.

மறுநாள் கணக்குப் பார்த்தேன். கணக்குதான் எனக்குத் தெரிந்த ஆறுதல். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்திருக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. மாட்டு வண்டிக் காலத்தோடு பார்த்தால் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அம்பத்தி நாலா?" என்றாள் அம்மா. "அம்பத்தி நாலு கல்லுடி."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஒப்பந்தம் ஒன்று போட்டோம். நான் போகலாம், இறங்குகிற இடத்திலெல்லாம் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும்.

* * *

அடுத்த சனிக்கிழமை என்னவர் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். முதுகு சாய்ப்பு உள்ளது, விலை 850 ரூபாய். "டீக்கடைக்கு டீக்கடை நாற்காலி இருக்குமா? நாம கொண்டு போயிடலாம்."

அந்த நாற்காலியோடு, ஏழாவது மாத ஆரம்பத்தில், டாக்டரம்மாவை மறுபடி கேட்டுக்கொண்டு, புதுச்சேரி போனோம். வாடகைக் கார், ஐந்து இடத்தில் நிறுத்தம், ஐந்து இடத்திலும் அம்மாவுக்குப் போன். சாயங்காலம் 6 மணியிலிருந்து பீச் ரோட்டில் வண்டி விடுவதில்லை. ஹாரன் இல்லாத ஒரு சாலையில் வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பது எவ்வளவு சுகம் என்பது ஏழு மாதக்காரிக்குத்தான் தெரியும். காந்தி சிலை தாண்டி நாற்காலியை விரித்து என்னை உட்கார வைத்துவிட்டு, அவர் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்தார்.

நாளைக்கு எங்கே போகிறோம் என்று பார்க்க அவர் போனில் எக்ஸெல்லைத் திறந்தேன். ஊர், தூரம், செலவு... அதற்கு அடுத்த கட்டம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. பி.காம். காரியிடமா மறைப்பது? விரித்தேன். மாமல்லபுரத்துக்கு நேரே: 'செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சுமார் 30 கி.மீ.' வேடந்தாங்கலுக்கு நேரேயும் அதே மருத்துவமனை. புதுச்சேரிக்கு நேரே: 'ஜிப்மர். ராத்திரியும் திறந்திருக்கும். ரூமிலிருந்து வழி பார்த்தாச்சு.' கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் ஏன் அடிபட்டன என்று அப்போதுதான் விளங்கியது.

"இது எப்போலேருந்து?" என்றேன்.

"முதல் நாள்லேருந்து" என்றார் கடலைப் பார்த்துக்கொண்டே. "உன்கிட்ட சொன்னா, நீ பயப்படுவேன்னு..."

"நீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சுண்டல்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்றைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதினது கழிப்பறைக் கணக்கு. அவர் எழுதினது ஆஸ்பத்திரிக் கணக்கு. அம்மா எழுதாமலே வைத்திருந்தது கல்லுக் கணக்கு. மூன்றையும் கூட்டினால் ஒரே தொகைதான் வருகிறது என்று எனக்கு அந்தக் கடற்கரையில் பட்டது.

* * *

வளைகாப்பு முடிந்து, ஐந்து வகைச் சாதமும் தீர்ந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு இதை எழுதுகிறேன். (தட்டச்சு செய்யும்போது சலங்கை கட்டி ஆடுகிற மாதிரி சத்தம்!) அம்மா வந்துவிட்டாள். டாக்டர் கொடுத்த தேதி சரியாக அக்னி நட்சத்திரத்தில். ஆசிரியர் கொடுத்த தேதி அதற்கு முந்தின வாரம். எது முந்தும் என்று அபார்ட்மென்ட்டில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

கிளம்ப ஆசைப்படுகிற தம்பதிகளுக்குச் சில வார்த்தைகள். ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸம்மா பதிவு செய்து கொடுத்த 12 இலக்க கர்ப்பப் பதிவு எண்ணைப் போனிலும் காகிதத்திலும் குறித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அது வேண்டும். தூரத்தைக் கி.மீ.யில் அளக்காதீர்கள், கழிப்பறையில் அளந்து பாருங்கள். பாக்கிப் பேருக்கு ஒரே வார்த்தை. பஸ்ஸில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், எத்தனை மாதம் என்று ஆராய்ச்சி செய்யாமல் எழுந்துவிடுங்கள்.

ஊர் சுற்றல் நின்றதும் மடக்கு நாற்காலிக்கு வேலை போனது. இப்போது அது எங்கள் படிக்கட்டில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கிறது. செக்கப்புக்குப் போய்வரும்போது நான் மூச்சு வாங்குவதற்காக அவர் கொண்டுபோய் வைத்தது. இரண்டே நாளில் எதிர்வீட்டு மாமி மூட்டு வலியோடு அதில் உட்கார ஆரம்பித்தார். 'படிக்கட்டில் பொருட்கள் வைக்கக் கூடாது' என்று சங்கத்துச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டினார். அந்த நோட்டீஸை ஒட்டிவிட்டு இறங்கும்போது அவரே அதில் உட்கார்ந்து வியர்வை துடைத்ததை மாமி பார்த்திருக்கிறார். நோட்டீஸ் அப்புறம் காணோம்!

நேற்றுக் காலை, தண்ணி கேன் போட ஒரு புதுப் பையன் வந்தான். 20 லிட்டர் கேனைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றான். கதவிடுக்கில் நானும் அம்மாவும் நிற்பது அவனுக்குத் தெரியாது.

"எவன் வெச்சானோ, நல்லாருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி கேனைத் தூக்கினான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.